கழிவுக்கு விலை பிறக்கும்போது

ஒரு பொருள் அதன் முதற்பயன் தீர்ந்தபின் உருக்கப்படாமலும் அரைக்கப்படாமலும், தன் இழையையும் உருவையும் பெருமளவு தக்கவைத்துக்கொண்டே கைத்திறத்தால் வேறொரு பொருளாக ஆக்கப்படுமாயின், அவ்வாறு ஆக்கும் தொழிலை மறுபயன் கைவினை எனலாம். இது மறுசுழற்சியிலிருந்து வேறுபட்டது. மறுசுழற்சியில் பழைய தண்ணீர்க் குப்பி உருகிப் பிளாஸ்டிக் குருணையாகவும், பனியன் துண்டு கிழிபட்டு மீண்டும் பஞ்சாகவும் மாறிவிடுவதால், அப்பொருள் முன்பு எதுவாக இருந்தது என்பதற்கு ஒரு தடயமும் எஞ்சுவதில்லை. மறுபயனிலோ போர்வையின் ஓரத்தில் ஓடும் சேலைக்கரை சேலைக்கரையாகவே தெரிகிறது. இரும்புச் சிற்பத்தின் பின்புறத்தில் எண்ணெய்ப் பீப்பாயின் வரிப்புடைப்பு தெரிகிறது. வாங்குபவர் விரும்புவதும் பெரும்பாலும் இந்தத் தடயத்தையே.

இக்கைவினைகளைப் பற்றிப் பேசுவோர் அவற்றின் சுற்றுச்சூழல் நன்மையையே முதலில் எடுத்துரைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. குப்பை குறைகிறது என்பது பொய்யன்று. ஆயினும் ஒரு பெருநகரம் ஒரே நாளில் தள்ளும் குப்பையோடு ஒப்பிட்டால், ஒரு கைவினைக் கிராமம் ஆண்டு முழுவதும் எடுத்தாளும் பழம்பொருள் கணக்கில் கொள்ளத்தக்க அளவினதாக இராது. ஆகவே இச்சொற்பொழிவு அந்த நன்மையை ஒருபுறம் வைத்துவிட்டு, அதிகம் கேட்கப்படாத வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. விலையற்றதாக இருந்த ஒரே காரணத்தால் ஏழைகளின் கைக்கு வந்து சேர்ந்த ஒரு பொருள், அதைக்கொண்டு செய்யப்படும் கைவினைக்கு வாங்குவோர் வந்தபின்னும் விலையற்றதாகவே நீடிக்குமா, நீடிக்காவிடின் அக்கைவினைக்கும் அதைச் செய்பவர்க்கும் என்ன நேர்கிறது என்பதே அக்கேள்வி. இதற்கு விடை தேட மிக வளமான களம் வங்காளம். ஆதலின் அங்கே நெடிது தங்கியபின் பிற நாடுகளுக்குச் செல்வது பொருத்தமாகும்.

மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் காந்தா என வழங்குவது, உடுத்து நைந்த பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, எல்லா அடுக்குகளையும் ஊடுருவிச் செல்லுமாறு நெருக்கமாகக் கையால் தைத்துச் செய்யப்படும் விரிப்பும் போர்வையுமாகும். இதற்குரிய தையல் மிக எளியது: ஊசியைத் துணியில் ஏற்றி இறக்கி நேர்கோட்டில் ஓட்டிச்செல்லும் ஓடுதையலே அது. தையற்கலையைக் கற்கும் சிறுமி முதல் நாளில் பழகும் இத்தையல், பல அடுக்கு மென்துணியில் ஆயிரமாயிரம் முறை நெருக்கமாக விழும்போது, இழுப்பினால் துணியின் மேற்பரப்பு முழுவதும் மெல்லிய அலையலையான சுருக்கம் படர்கிறது. காந்தாவின் அழகு என்று கருதப்படும் அச்சுருக்கம் புதிய விறைப்பான துணியில் அதே அளவுக்கு அமைவதில்லை. பலமுறை துவைத்து நைந்த பருத்தியில்தான் அது முழுமையாகக் கூடிவருகிறது. எனவே பழந்துணி இங்கே வறுமையால் ஏற்றுக்கொள்ளப்பட்ட மாற்றுப்பொருள் மட்டுமன்று, தொழில்நுட்பத்தின் தேவையுமாகும்.

தையலுக்குரிய நூலும் கடையில் வாங்கப்பட்டதன்று. சேலைக்கரையிலிருந்து வண்ண இழைகளை ஒவ்வொன்றாக உருவியெடுத்து, தேவைக்கேற்ப இரண்டு மூன்றாகச் சேர்த்துப் பயன்படுத்தினர். பழைய காந்தாக்களில் சிவப்பும் நீலமும் கறுப்புமே மேலோங்கி நிற்பதற்கு அக்காலத்துச் சேலைக்கரைகளின் நிறங்களே காரணமாகும். வெளுத்துப்போன வெண்ணிற உடல்பகுதி தரையாகவும், கரையிலிருந்து எடுத்த இழை கோலமாகவும் அமைந்தமையால், ஒரு சேலை தன்னைத்தானே அணிசெய்துகொண்டது என்று சொல்வது மிகையாகாது. நடுவே விரிந்த தாமரை, நான்கு மூலைகளிலும் உள்நோக்கிச் சாய்ந்த மரமோ மாங்காய் வடிவமோ, இடைவெளிகளில் யானை, படகு, பல்லக்கு, பாக்குவெட்டி, சீப்பு எனக் கண்முன் கண்டவை யாவும் என்பதே பெரும்பான்மை அமைப்பு. குளிருக்குப் போர்த்தும் தடித்த லேப், விருந்தினர்க்கு விரிக்கும் சுஜ்னி, நூல்களையும் விலையுயர்ந்த பொருள்களையும் பொதியும் பெய்டன், கண்ணாடியையும் சீப்பையும் சுருட்டி வைக்கும் ஆர்ஷிலதா என்று பயனுக்கேற்பப் பெயர்கள் வேறுபட்டன. பிறந்த குழந்தையைப் பழந்துணியில் கிடத்தினால் கண்ணேறு படாது என்ற நம்பிக்கையும் இருந்தது. பழந்துணியின் மென்மையே அந்நம்பிக்கைக்கு அடிப்படை என்று கொள்ள இடமுண்டு.

கருதத்தக்க செய்தி யாதெனின், இவை விற்பனைக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதாகும். வீட்டு வேலைகளுக்கு நடுவே கிடைத்த பொழுதில், மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் தைக்கப்பட்ட காந்தா மகளுக்கோ மருமகனுக்கோ பேரப்பிள்ளைக்கோ கொடையாகச் சென்றது. கொல்கத்தாவின் ஜோக்கா பகுதியிலுள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் பேணப்படும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காந்தாவொன்றை மானதாசுந்தரி என்னும் பெண் தன் தந்தைக்காகத் தைத்திருக்கிறார். ஆங்கிலேயச் சிப்பாய்களும் அக்காலச் செல்வர் வீட்டுக் காட்சிகளும் அதில் இழைகளாக நிற்கின்றன. செய்தவர் தம் பெயரைத் துணியிலேயே பொறிக்கும் வழக்கம் பின்னர்ச் சந்தைக்கு வந்த காந்தாவில் பெரும்பாலும் மறைந்துபோனது. ஆங்கிலேயர் காலத்து இந்தியக் குடிமைப்பணியிலிருந்த (ஐ.சி.எஸ்.) குருசதய் தத் (1882–1941) ஊர் ஊராகச் சென்று இவற்றைத் திரட்டினார்; கலைவரலாற்று அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் காந்தாவைப் பற்றிக் கட்டுரை எழுதினார்; கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாடல் பிரிந்த காதலை ஒரு பெண் துணியில் தைத்து வைப்பதாக அமைந்து வங்காளமெங்கும் புகழ்பெற்றது. கற்றவர்கள் காந்தாவைக் கலையாகப் போற்றத் தொடங்கிய அதே காலத்தில், ஆலைத்துணியும் கம்பளியும் மலிவாகக் கிடைத்தமையால் வீடுகளில் அதைத் தைப்போர் குறைந்துகொண்டிருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

காந்தா விற்பனைப் பொருளானது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். வங்கதேசத்தில் 1971 விடுதலைப் போருக்குப்பின் ஆதரவிழந்த பெண்களுக்குத் தொழில் தேடியபோது, ஏறக்குறைய எல்லாக் கிராமங்களிலும் தெரிந்திருந்த இத்தையல் தொண்டு நிறுவனங்களின் கண்ணில் பட்டது. பிராக் என்னும் தொண்டு அமைப்பு 1978இல் தொடங்கிய ஆரோங் விற்பனை நிலையங்கள் அதற்கு நகரச் சந்தையை ஏற்படுத்தித் தந்தன. மேற்கு வங்கத்தில் சாந்திநிகேதன் வட்டாரத்தில் முன்பே தொடங்கியிருந்த முயற்சிகள் 1980களில் ஷாம்லு துதேஜா போன்றோரின் முனைப்பால் விரிவடைந்தன. பீர்பூம் மாவட்டத்துப் போல்பூர், நானூர் வட்டாரங்களில் இன்று ஊசி பிடிக்காத வீடு அரிது. மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தா 2008இல் புவிசார் குறியீடு பெற்றது. அதாவது, குறிப்பிட்ட வட்டாரத்தில் செய்யப்படுவதற்கு மட்டுமே அப்பெயரை வழங்கலாம் என்ற சட்டப் பாதுகாப்பைப் பெற்றது. காந்தாக் கலைஞர் பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவ்வளவு மீட்சிக்கிடையே காந்தாவிலிருந்து ஒன்று மட்டும் ஓசையின்றி வெளியேறியது, அது பழந்துணி. தமிழ்நாட்டுச் சேலைக்கடைகளில் ‘காந்தா வேலைப்பாடு’ என்ற பெயரில் விற்கப்படுவது புத்தம்புதிய டசர் பட்டின் ஒற்றை அடுக்கில், கடையில் வாங்கிய நூலால் போடப்பட்ட பூந்தையலாகும். இம்மாற்றத்துக்கு வணிகரின் பேராசையை மட்டும் காரணம் காட்டுவது எளிது. ஆனால் காரணங்கள் பல. பழந்துணியின் வலு இடத்துக்கிடம் வேறுபடுவதால், இரண்டு சலவைக்குள் கிழிந்தால் பொருளைத் திருப்பி அனுப்பும் வாங்குபவருக்கு அதை விற்பது இயலாது. நூறு உருப்படிகளுக்கு ஆணை தரும் கடை, நூறும் ஒரே நிறத்திலும் ஒரே அளவிலும் வேண்டும் என்கிறது. பழஞ்சேலை அவ்வாறு ஒன்றுபோல் கிடைப்பதில்லை. யாரோ உடுத்த துணியைத் தான் உடுத்துவதா என்னும் தயக்கம் இந்திய நகரத்து வாங்குபவரிடம் இன்றும் வலுவாக உள்ளது. அதில் தூய்மை பற்றிய கவலையோடு சாதியுணர்வும் கலந்திருப்பதை மறுப்பதற்கில்லை. இவை யாவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. கிராமத்துப் பெண்கள் பருத்திச் சேலையை விட்டுப் பாலியெஸ்டர் சேலைக்கு மாறியபின், அடுக்கினால் வழுக்குவதும் துவைத்தாலும் இளகாததுமான அத்துணி காந்தாவுக்குப் பயன்படவில்லை. தைப்பவரின் வீட்டிலேயே மூலப்பொருள் தீர்ந்துபோனது.

பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்து புசுரா கிராமத்தைச் சார்ந்த சுஜனித் தையலும் இதே வழியில் சென்றது. பிறந்த குழந்தைக்காகப் பழந்துணிகளை இணைத்துத் தைக்கும் வழக்கமாக இருந்த அது, விஜி ஸ்ரீநிவாசன் நிறுவிய அதிதி என்னும் தொண்டு நிறுவனத்தின் முயற்சியால் 1980களின் இறுதியில் உயிர்பெற்றபோது, வரதட்சணை, பெண்சிசுக் கொலை, தேர்தல் போன்ற செய்திகளைப் பெண்கள் தாமே படங்களாகத் தைத்துச் சொல்லும் ஊடகமாக வளர்ந்தது. 2006இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்கும் தையலுக்கான துணி புதிதாக வாங்கப்பட்டது. சொல்லவந்த செய்தி கூர்மையடைந்தது, துணி தன் பழமையை இழந்தது. இதை இழப்பு என்று மட்டும் எழுதுவது அப்பெண்களுக்கு நீதி செய்வதாகாது.

பழஞ்சேலை பின்னொரு வழியாகத் திரும்பிவந்தது. ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் பழமையின் தோற்றமுடைய பொருள்களுக்கு மதிப்புக் கூடியபோது, உடுத்து நைந்த சேலைகளை இரண்டு மூன்று அடுக்குகளாக இணைத்து, கோலம் எதுவுமின்றி நேர்கோட்டு ஓடுதையல் மட்டும் போட்ட போர்வைகள் பெருமளவில் ஏற்றுமதியாகத் தொடங்கின. பழஞ்சேலை இப்போது வீட்டில் கிடப்பது அன்று, திரட்டப்பட வேண்டியது. வட இந்தியாவில் எவர்சில்வர் பாத்திரத்தைக் கொடுத்துப் பழந்துணி வாங்கும் தொழிலை வாக்ரி சமூகத்துப் பெண்கள் தலைமுறைகளாகச் செய்துவருகின்றனர். தில்லியின் ரகுபீர் நகரில் விடியற்காலையில் கூடும் பழந்துணிச் சந்தையில் அவர்கள் கொண்டுவந்த மூட்டைகள் பிரிக்கப்பட்டு, வலுவுள்ளது, கிழிந்தது, பட்டு, பருத்தி, செயற்கை இழை என்று தரம் பிரிந்து வெவ்வேறு வணிகர்களிடம் போகின்றன. தமிழ்நாட்டுத் தெருக்களில் பழைய துணிக்குப் பாத்திரம் தருவோர் வந்துபோவதை அறிந்தவர்க்கு இவ்வணிகம் புதிதன்று. இவ்வாறு தெருவில் தொடங்கி எடைக்கல் வழியாகச் சென்று சேரும் சேலைக்கு ஒவ்வொரு படியிலும் விலை கூடுகிறது. போதிய பழஞ்சேலை கிடைக்காதபோது, அச்சிட்ட புதுத்துணியைக் கொண்டே பழையது போன்ற தோற்றமுள்ள போர்வையைச் செய்து விற்பதும் நடக்கிறது. கழிவைப் போலத் தோன்றுவதற்காகப் புதிய துணியை உற்பத்தி செய்யும் இந்நிலை, இச்சொற்பொழிவின் கேள்விக்குச் சந்தை தந்திருக்கும் வெளிப்படையான விடைகளுள் ஒன்று.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் நிலப்பகுதியில் உள்ள கீஸ் பெண்ட் என்னும் ஊரின் கதை இதே கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்து தொடுகிறது. பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்கள் வாழும் இவ்வூரில் பலரும் பழைய தோட்ட உரிமையாளரின் பெட்வே என்னும் குடும்பப் பெயரையே இன்றும் தாங்கியுள்ளனர். காற்றுப் புகும் மரவீடுகளில் குளிரைத் தாங்க, வயல்வேலைக்கு அணிந்து கிழிந்த காற்சட்டைகளையும் மாவு மூட்டை, உரமூட்டைத் துணிகளையும் வெட்டி இணைத்துப் பெண்கள் ஒட்டுப்போர்வைகளைத் தைத்தனர். மிசூரி பெட்வே என்பவர் 1942இல், இறந்துபோன தம் கணவரின் வேலையுடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார்; முழங்கால் பகுதியில் வெளுத்த துணியும், பை பிரிக்கப்பட்ட இடத்தில் வெளுக்காமல் எஞ்சிய அடர்நீலமும் இத்தகைய வேலையுடைப் போர்வைகளின் வண்ண அமைப்பையே தீர்மானித்தன.

வாக்குரிமைக்காகப் போராடிய கறுப்பின மக்கள் வேலையையும் குடியிருப்பையும் இழந்த 1960களில், இப்போர்வைகளை விற்று வருவாய் தேடும் நோக்குடன் 1966இல் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்னும் கூட்டுறவு உருவாயிற்று. நியூயார்க்கில் ஏலத்துக்குப் போன போர்வைகள் பெருங்கடைகளின் கவனத்தை ஈர்த்தன. கடைகள் கேட்டதோ ஒரே அளவு, ஒரே வடிவம், புதிய துணி. கையில் கிடைத்த துண்டுக்கேற்ப அந்தந்த நேரத்தில் வடிவத்தை முடிவுசெய்யும் கீஸ் பெண்ட் பெண்களின் வழக்கத்துக்கு அது நேர்மாறானது. 1972இல் சியர்ஸ் என்னும் பெருங்கடை நிறுவனத்துக்காகக் கார்டுராய் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் வந்தது. கார்டுராய் என்பது வரிவரியாக மேடிட்ட தடித்த பருத்தித் துணி. கூட்டுறவில் வெட்டியெறிந்த அதன் துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துச்சென்று தம் விருப்பம்போல் போர்வைகளாகத் தைத்தனர். பிற்காலத்தில் அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கியவற்றுள் அக்கார்டுராய் போர்வைகளும் அடங்கும். ஆணைக்குத் தைத்த உறைகளைப் பற்றி இன்று எவரும் பேசுவதில்லை. ஒரே கைகள், ஒரே துணி. ஒன்றில் அளவு பிறருடையது, மற்றொன்றில் முடிவு தம்முடையது என்பதைத் தவிர வேறு வேற்றுமை இல்லை.

2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சி நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்குச் சென்றபோது அப்போர்வைகள் நவீன ஓவியங்களுக்கு நிகராகப் பாராட்டப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலைகளாக வெளியிட்டது. புகழோடு சச்சரவும் வந்தது. போர்வைகளுக்கும் அவற்றின் வடிவங்களை அச்சிட்ட பிற பொருள்களுக்கும் உரிய பங்கு தமக்குத் தரப்படவில்லை என்று தையற்பெண்கள் சிலர் 2007இல் வழக்குத் தொடுத்தனர்; அவ்வழக்குகள் 2008இல் உடன்பாட்டில் முடிந்தன. 2021இல் அவ்வூர்ப் பெண்கள் பலர் இணையச் சந்தையில் தத்தம் பெயரிலேயே கடை திறந்து விற்கத் தொடங்கினர். தைத்தவரின் பெயரும் வாங்கியவர் தந்த பணமும் இடையில் நழுவாமல் ஒரே இடத்தில் சந்திக்க அவ்வூருக்கு 1966 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

துணியை விட்டு உலோகத்துக்கு வந்தால், கரீபியத் தீவுநாடான ஹெய்ட்டியின் குரோவா தே புக்கே என்னும் நகரம் முதலிடம் பெறுகிறது. அந்நகரத்துக் கொல்லர் ழோர்ழ் லியோத்தோ (1899–1991) கல்லறைகளுக்கு இரும்புச் சிலுவைகள் செய்து வந்தார். தலைநகரில் 1944இல் கலை மையம் ஒன்றை நிறுவிய டிவிட் பீட்டர்ஸ் 1953இல் அச்சிலுவைகளைக் கண்டு, தனிச் சிற்பங்களும் செய்யுமாறு அவரைத் தூண்டினார். துறைமுகத்துக்கு எண்ணெய் கொண்டுவந்து வெறுமையான 55 கேலன் பீப்பாய்களே பின்னாளில் அவர் வழிவந்தோரின் மூலப்பொருளாயின. பீப்பாயின் இரு மூடிகளையும் வெட்டியகற்றி, உள்ளே உலர்ந்த வாழை, கரும்புச் சருகுகளை நிரப்பித் தீயிட்டு எண்ணெய்ப் பிசுக்கை எரித்துப் போக்கி, உருளையை நெடுகப் பிளந்து, மிதித்தும் அடித்தும் தகடாக விரிக்கின்றனர். சுண்ணக்கட்டியால் வரைந்த கோட்டின்மீது உளியும் சுத்தியலும் கொண்டு வெட்டினால் கடற்கன்னியும் பறவையும் உயிர்மரமும் எழுகின்றன. தகட்டின் பின்புறம் அடித்து முன்புறத்தைப் புடைக்கச் செய்வது இறுதிப் பணி. மின்கருவி எதுவும் தேவையில்லை. அந்நகரின் நோவாய் என்னும் பகுதி முழுவதும் சுத்தியல் ஒலி கேட்கும் அளவுக்கு இத்தொழில் பெருகியபின், பீப்பாய்கள் இனாமாகக் கிடைப்பது நின்று, வணிகரிடம் முன்பணம் கொடுத்து வாங்கவேண்டிய சரக்காயிற்று. சிற்பம் விற்றால்தான் அடுத்த பீப்பாய் என்ற நிலையில் இருந்த அத்தொழிலாளர்கள் பலரை 2020களில் ஆயுதக் கும்பல்களின் வன்முறை ஊரைவிட்டே விரட்டியது.

தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்கள் தொலைபேசிக் கம்பியால் பின்னும் வட்டத் தட்டுகளின் போக்கும் ஒப்பிடத்தக்கது. வண்ணப் பிளாஸ்டிக் உறையிட்ட மெல்லிய செப்புக் கம்பியின் துண்டுகளை, நகரங்களில் இரவுக் காவலராக இருந்த ஆண்கள் தம் கைத்தடிகளின் மேல் பின்னிப் பொழுதைக் கழித்தனர். பின்னர், மதுக்குடத்தை மூடுவதற்குப் புல்லாலும் பனையோலையாலும் முடையப்பட்டு வந்த இம்பெங்கே என்னும் மூடியின் வடிவத்தைக் கம்பியில் கொண்டுவந்தனர். 1990களில் டர்பன் நகரைச் சுற்றிய குடியிருப்புகளில் பெண்களும் இதைக் கற்று, ஏற்றுமதி பெருகியபோது, வெட்டியெறிந்த துண்டுகள் போதவில்லை. தேவை பெருகினால் ஓடிக்கொண்டிருக்கும் தொலைபேசித் தடத்தையே வெட்டித் திருடும் ஆசை பிறப்பது இயல்பு. அதைத் தவிர்க்க ஆலையிலிருந்து புதிய கம்பியை விலைக்கு வாங்கித் தரவேண்டியதாயிற்று. இன்று அத்தட்டுகளைக் கழிவிலிருந்து செய்தவை என்று விளம்பரம் செய்வது பல வேளைகளில் பழைய புகழைச் சொல்வதாகவே முடிகிறது.

இவ்வெடுத்துக்காட்டுகள் யாவும் ஒரு பொருளியல் உண்மையைச் சுட்டுகின்றன. கழிவு என்பது பொருளின் தன்மை அன்று. அதற்கு வாங்குவோர் இல்லை என்னும் நிலையே கழிவு. திருப்பூரை அறிந்தவர்க்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. பின்னலாடை ஆலைகளில் வெட்டும்போது விழும் துண்டுகள் ‘பனியன் வேஸ்ட்’ என்ற பெயரில் தரவாரியாக விலைபோகின்றன. எந்திரம் துடைக்கும் பட்டறைக்கு ஒரு தரம், பஞ்சாக்கி மீண்டும் நூலாக்கும் ஓப்பன் எண்ட் நூற்பாலைக்கு ஒரு தரம். நூற்பாலைக் கழிவுப் பஞ்சின் விலை உயர்வைத் தாங்க இயலாமல் இந்த ஓப்பன் எண்ட் ஆலைகள் உற்பத்தியை நிறுத்திப் போராடியதும் உண்டு. ஓர் ஆலையின் கழிவு இன்னோர் ஆலையின் மூலப்பொருளாகிவிட்ட ஊரில், சிறு கைவினைக் குழு ஒன்று துண்டுத்துணி கேட்டுச் சென்றால், மொத்தமாக எடுக்கும் வணிகரோடு போட்டியிட்டே அதைப் பெறவேண்டும்.

ஆயினும் கைவினைப் பொருளுக்கு விலை குறிக்கும் இடத்தில் மட்டும் பழைய கணக்கே நீடிக்கிறது. மூலப்பொருள் குப்பைதானே, வேலையும் வீட்டுப் பெண்கள் ஓய்வுநேரத்தில் செய்வதுதானே என்ற இரு எண்ணங்களும் சேர்ந்து விலையைக் கீழே இழுக்கின்றன. உண்மையில் புதிய துணியை வெட்டித் தைப்பதைவிடப் பழந்துணியில் உழைப்பு அதிகம். திரட்டவேண்டும், துவைத்து உலர்த்தவேண்டும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வலுவிழந்த இடத்தை நீக்கவேண்டும், நிறம் பொருந்துமாறு அடுக்கவேண்டும், தையலைப் பிரித்து, பொத்தானை அகற்றி, கிழிசலை ஒட்டவேண்டும். ஊசியில் நூல் கோப்பதற்கு முன்பே நிகழும் இவ்வேலைக்குப் பெரும்பாலும் கூலியே கணக்கிடப்படுவதில்லை. உருப்படிக் கூலி, அதாவது செய்து முடித்த பொருளுக்கு இத்தனை என்று தரும் கூலி, முறையாக இருக்குமிடத்தில் இவ்வேலை அந்த உருப்படிக்குள் மறைந்துபோகிறது. ஹெய்ட்டியில் பீப்பாயை எரித்துத் தட்டித் தருபவரும் தில்லியில் சேலையைத் தரம்பிரிப்பவரும் கைவினைஞர் பட்டியலில் இடம்பெறுவதில்லை; சிற்பத்தில் கையொப்பமிடுபவரே கலைஞர் எனப்படுகிறார்.

புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் தோன்றிய சுனாமிகா பொம்மை இக்கணக்குக்கு வெளியே நிற்க முயன்ற ஒன்று. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப்பின், உமா பிரஜாபதி நடத்திய உபாசனா ஆடை வடிவமைப்பு நிறுவனம் அக்கடற்கரை மீனவக் கிராமங்களின் பெண்களுக்குத் தன் தையற்கூடத்தில் மீந்த துணித்துண்டுகளைக் கொண்டு கட்டைவிரல் அளவுப் பொம்மைகள் செய்யக் கற்பித்தது. செய்த பெண்களுக்குக் கூலி தரப்பட்டது. பொம்மையோ விற்கப்படாமல் அன்பளிப்பாக மட்டுமே வழங்கப்பட்டது. பெற்றவர் விரும்பி அனுப்பிய நன்கொடை அடுத்த பொம்மைகளுக்குச் செலவாயிற்று. பொம்மைகள் இலட்சக்கணக்கில் பல நாடுகளுக்குச் சென்றன. உள்ளத்தைத் தொடும் இம்முறை பேரிடர்க் காலத்து நல்லெண்ணத்தை நம்பி நின்றது என்பதையும், எல்லாக் கைவினைக்கும் இதை வழியாகக் காட்ட இயலாது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். எனினும் கூலியைப் பொருளின் விலையிலிருந்து பிரித்து முதலில் உறுதிசெய்தது அதன் தனிச்சிறப்பு. விற்பனைக்குச் செய்வோரும் கைக்கொள்ளத்தக்கது அதுவே.

புதிய டசரில் தைக்கும் பீர்பூம் பெண்ணும், விலைக்கு வாங்கிய கம்பியைப் பின்னும் டர்பன் பெண்ணும் தம் மரபைக் கைவிட்டவர்கள் என்று பழிக்கப்படுவதுண்டு. பழம்பொருள் மட்டுமே உண்மையான கைவினைக்கு அடையாளம் என்று வற்புறுத்துவோர், அப்பொருளைத் தேடித் திரட்டும் சுமையையும் அக்கைவினைஞரின் தலையிலேயே வைக்கின்றனர். மூலப்பொருள் எது என்று கேட்பதற்குமுன் அது எவர் வழியாக, என்ன விலைக்கு வந்தது என்றும், தைத்தவருக்கு எத்தனை நாளுக்கு எவ்வளவு கிடைத்தது என்றும் கேட்பதே முறை. சாந்திநிகேதன் அருகே சோனாஜுரிக் காட்டில் கூடும் சந்தையைப் போல், செய்தவரே தரையில் விரித்து விற்கும் இடங்களில் இக்கேள்விகளுக்கு உடனே விடை கிடைத்துவிடும். நகரத்துக் குளிரூட்டிய கடையில் விற்பவரால் பெரும்பாலும் விடை சொல்ல இயலாது.

தமிழ்நாட்டில் துண்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. தையல் தெரிந்த பெண்களுக்கும், மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும், பூம்புகார் போன்ற அரசு விற்பனை நிலையங்களுக்கும் பஞ்சமில்லை. இல்லாதது இவற்றை இணைக்கும் ஏற்பாடு. ஆலைகள் தம் வெட்டுத்துண்டுகளில் ஒரு சிறு பங்கைத் தரம்பிரித்து, மொத்த வணிகரின் விலைக்கே, ஆனால் சில கிலோ அளவிலும் குழுக்களுக்குத் தரலாம். விற்பனை நிலையங்கள் தரம்பிரிக்கும் நாளையும் தைக்கும் நாளையும் சேர்த்துக் கூலியைக் கணக்கிட்டு, செய்தவர் பெயரோடு விலைச்சீட்டில் அச்சிடலாம். இதற்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. கைவினைப் பொருளை வாங்கச் செல்வோர் அச்சீட்டைக் கேட்கத் தொடங்கினால், கடைக்காரர் அதை அச்சிடத் தொடங்குவார்.